முளைத்ததெல்லாம் கத்தரியா?

மாடியில் ஒரு பாத்தி – 9

சென்னைக்கு வசந்தகாலம் கிடையாது. மாசி முடியும்போதே மாடித் தரை காலைச் சுடத் தொடங்கிவிடும். இந்த ஊர் மண்ணை எழுப்பிவிடுவது மழைதான். ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு வரும் தென்மேற்குப் பருவத்து மழை ஒரு முறை எழுப்பும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இன்னொரு முறை. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் நகரத்தில், அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இரண்டு பருவத்திலும் முதல் மழை பெய்த ஐந்தாறு நாளில் மயிலாப்பூர் கொல்லை, தி.நகர் மாடி, அடையாறு பால்கனி எங்கும் பச்சை. விதைத்தவர் வீட்டிலும் பச்சை, விதைக்காதவர் வீட்டிலும் பச்சை.

சிக்கல் அங்கேதான். சென்ற வாரம் ஆடிப்பட்டத்து விதைப்பைப் பார்த்தோம். இருபது கத்தரி விதை தூவிய பையில் இந்த வாரம் நாற்பது முளை நின்றால் எந்த இருபதை வைத்துக்கொள்வது?

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். ஒரு சாரார் சுத்தக்காரர்கள். சந்தேகம் வந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு, பத்து நாள் கழித்து விதைக்கடைக்காரரைத் திட்டுவார்கள். இன்னொரு சாரார் இளகிய மனசுக்காரர்கள். முளைத்த எதையும் பிடுங்க மாட்டார்கள். கடைசியில் ஊமத்தைக்கு மண்புழு உரம் போட்டு, பந்தல் கட்டி, பூத்த அன்றுதான் யார் வளர்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள். இதில் முதல் சாராரின் இழப்புதான் பெரிது. களையை ஒரு வாரம் கழித்தும் பிடுங்கலாம். பிடுங்கிய கத்தரியைத் திரும்ப ஒட்ட முடியாது.

களை எங்கிருந்து வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து மானிய விலையில் தரும் தொகுப்பில் தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் இருக்கும். அந்த நார்க்கழிவில் களை விதை அநேகமாக இருப்பதில்லை. அதோடு கலக்கிறோமே செம்மண், அதில் இருக்கிறது. சரியாக மட்காத சாணத்தில் அதைவிட அதிகம், ஏனென்றால் மாடு தின்ற விதைகளில் பல, வயிற்றைக் கடந்து பத்திரமாக வெளியே வந்துவிடும். நர்சரியில் வாங்கிய ரோஜாவின் வேர்மண்ணில் கோரைக் கிழங்கு ஒளிந்து வரும். மிச்சத்தை மைனாவும் சின்னான் குருவியும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து போட்டுவிட்டுப் போகும். மணத்தக்காளி, சுண்டை, கோவை, வேம்பு, அரசு எல்லாம் அந்த வழியில் வருபவை. பழைய கோபுரங்களின் சுதைக்கு நடுவே அரசங்கன்று முளைப்பதும் இதே பறவைகளின் வேலை.

இடத்துக்கு இடம் வருகிறவர்களும் மாறுகிறார்கள். தி.நகரின் பெரும்பகுதி 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்த நகர். அங்கே தரைத் தோட்டம் வைத்திருப்பவர் மண்ணில் மழைக்காலமானால் கரிசலாங்கண்ணி, பொடுதலை, பொன்னாங்கண்ணி என்று ஈரம் தேடும் கூட்டம் தலைகாட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெசன்ட் நகர் பக்கத்து மணலில் நெருஞ்சி படரும். அது இளசாக இருக்கும்போது எதிரும் புதிருமாகச் சிற்றிலை விட்டு, ஏதோ பயறுச் செடி போல அப்பாவியாக நிற்கும். முள் காய்த்துச் செருப்பைத் துளைத்த பிறகுதான் உண்மை தெரியும்.

மண்ணுக்குள் விதைகள் எவ்வளவு காலம் காத்திருக்கும்? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் களை விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். குறித்த இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டி எடுத்து முளைக்கவிட்டுப் பார்ப்பது ஏற்பாடு. பீல் காலமாகி நெடுங்காலம் ஆன பிறகும் அந்தச் சோதனை கைமாறிக் கைமாறி நடக்கிறது. 2021இல் எடுத்த புட்டியிலும் வெர்பாஸ்கம் என்ற களையின் விதைகள் முளைத்தன. 142 ஆண்டு! ஆகவே, போன வருஷம்தானே எல்லாக் களையையும் பிடுங்கினேன் என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. மண்ணைக் கிளறும் ஒவ்வொரு முறையும் அடியில் உறங்கிய விதைகள் மேலே வந்து வெளிச்சம் பார்க்கின்றன. பல களைகளுக்கு அந்த வெளிச்சமே முளைக்க உத்தரவு.

இனி முளைக்கு வருவோம். மண்ணைப் பிளந்து முதலில் விரிகிற இரண்டும் உண்மையான இலைகள் இல்லை. விதைக்குள்ளேயே மடிந்து கிடந்த வித்திலைகள் அவை. கொஞ்ச நாள் சோறு போட்டுவிட்டு உதிர்ந்துவிடும். செடியின் முகம் தெரிவது அதற்கடுத்து வரும் இலையில்தான். வித்திலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நெடுநாள் பழகிய கண்ணுக்குத்தான் வரும். ஆனாலும் சில வித்திலைகள் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டே பிறக்கின்றன. கடுகு, முள்ளங்கி வகையறாவுக்கு நுனியில் பள்ளம் விழுந்த இதய வடிவம். வெண்டைக்கு அகலமான, தடித்த வட்டம். கொத்தமல்லிக்கு நாடா போல நீண்ட இரண்டு. துளசிக்கு வட்டத்தைப் பாதியாக வெட்டி அடிப்பக்கத்தை நேராக வைத்தது போன்ற இரண்டு அரைவட்டங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் வித்திலை ஈட்டி போல நீண்டிருக்கும். தக்காளியின் தண்டில் நுண்ணிய மயிர் இருக்கும், லேசாக ஊதா ஓடியிருக்கும், தொட்ட விரலை முகர்ந்தால் தக்காளி வாசம் தெரியும். மிளகாய் மயிரே இல்லாமல் மழமழவென்று பளபளக்கும். கத்தரியின் மூன்றாவது இலை முட்டை வடிவில், பூனைமயிர் மூடி வரும்.

இதே குடும்பத்தில்தான் ஊமத்தையும் இருக்கிறது. மணத்தக்காளியும் இருக்கிறது. தோட்டக்காரரை அதிகம் ஏமாற்றுவது அந்நியன் இல்லை, பயிரின் பங்காளி. ஊமத்தை முளையின் வித்திலைகள் கத்தரியினுடையதைவிட நீளமானவை. பல சமயம் விதைத் தோலைத் தொப்பி மாதிரி நுனியில் மாட்டிக்கொண்டே எழும்பும். இலையைக் கசக்கினால் நாற்றம். எல்லாப் பாகமும் நஞ்சு, ஆகவே கசக்கிய கையை அப்போதே கழுவிவிட வேண்டும். மணத்தக்காளி தப்பித் தவறி வந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை; அதன் வித்திலை சின்னஞ்சிறியது, கத்தரியினுடையதில் பாதிகூட வராது. வளரவிட்டால் வற்றல்.

வெண்டைக்குப் பங்காளி துத்தி. இரண்டும் பருத்திக் குடும்பம். துத்தியின் வித்திலை வெண்டையினுடையதைவிடச் சிறியது. அடுத்து வரும் இலை இதய வடிவில், வெல்வெட் போல மெத்தென்றிருக்கும். வெண்டையின் இலை தொட்டால் சொரசொரக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். கண்ணைவிட இந்த இடத்தில் விரல் நம்பகமானது.

வெள்ளரியின் பங்காளிக்கு ஒரு சரித்திரமே உண்டு. மாடியில் வெள்ளரி போட்டவர்கள் சிலர், கொடி ஒல்லியாகவே ஓடுகிறதே, காய் சுண்டுவிரல் நகமளவுக்கு மேல் பெருக்கவில்லையே என்று கவலைப்படுவதுண்டு. அந்தக் காய் சிவந்து பழுத்ததும் விஷயம் புரியும்: அது முசுமுசுக்கை. தாவரவியல்படி வெள்ளரியின் பேரினமான குக்குமிஸிலேயே இப்போது அதைச் சேர்த்திருக்கிறார்கள். முழுப் பெயர் குக்குமிஸ் மதராஸ்பதானஸ். ஆம், மதராஸ்பட்டினம்தான். அதே ஊர்ப் பெயரைச் சுமக்கும் இன்னொரு தொட்டிக் களை மேலாநெல்லி, பில்லாந்தஸ் மதராஸ்பதென்சிஸ்.

இந்தப் பெயர்கள் வந்த வழி சுவாரசியமானது. 1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் ப்ரௌன், கோட்டையைச் சுற்றி வளர்ந்த செடிகளைப் பறித்து உலர்த்தி லண்டனுக்கு அனுப்பினார். அவருக்குப் பிறகு எட்வர்ட் பல்க்லி அதைத் தொடர்ந்தார். லண்டனில் மருந்துக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றைப் பற்றி ராயல் சொசைட்டியின் இதழில் 1698 முதல் எழுதினார். அந்தத் தலைமுறையின் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் லின்னேயஸ் 1753இல் உலகச் செடிகளுக்கு ஈருறுப்புப் பெயர் சூட்டினார். சென்னைக் களைகள் சில அப்படியே ஊர்ப் பெயரோடு உள்ளே போய்விட்டன. நகரத்தின் பெயர் 1996இல் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது. தொட்டியில் முளைப்பவை மட்டும் இன்னும் மதராஸ்காரர்கள்.

இந்த ஊரின் செடிகளை வரிசையாக எழுதிவைத்த புத்தகமும் உண்டு. மதராஸ் அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக பி.வி. மயூரநாதன் 1929இல் கொண்டுவந்த, சென்னை நகரம், சுற்றுப்புறம் ஆகியவற்றின் பூக்கும் தாவரங்கள் பற்றிய நூல் அது. பூங்காச் செடிக்கும் சாக்கடையோரப் பூண்டுக்கும் அதில் ஒரே மரியாதை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு டைனோசர் பார்க்கப் போகிற கூட்டத்துக்கு இப்படி ஒரு புத்தகம் அங்கிருந்து வந்தது தெரியாது என்பதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கடுகுக்கும் ஒரு போலி இருக்கிறது, அது விளையாட்டில்லை. காலி மனைகளில் மஞ்சள் பூவோடு நிற்கும் பிரம்மதண்டின் விதை கடுகைப் போலவே உருண்டை, கறுப்பு. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்ததால் பரவிய நீர்க்கோவை நோயில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விதையில் தெரியாத வித்தியாசம் செடியில் பளிச்சென்று தெரியும்: பிரம்மதண்டின் இளம் இலையில் நரம்புகள் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும், ஓரமெல்லாம் முள். கடுகு அப்படி இருக்காது. நாய்க்கடுகு என்று பெயர் வாங்கிய நாய்வேளைக்கு இலை மூன்றும் ஐந்துமாகப் பிரிந்து, தொட்டால் பிசுக்கென்று ஒட்டும்.

வெந்தயத் தட்டில் புளியாரை நுழைந்துவிடும். இரண்டுக்கும் மூன்று மூன்று இலை. ஆனால் வெந்தயத்தின் முதல் உண்மையான இலை ஒற்றையாகத்தான் வரும், அதற்குப் பிறகே மூன்றாகப் பிரியும். புளியாரையின் ஒவ்வொரு பிரிவும் இதய வடிவம். இரவில் குடை போல மடங்கிக்கொள்ளும். அது காய் வெடித்து விதையைத் தூர எறிகிற ஜாதி. ஒரு தட்டில் விட்டால் மறு மாதம் பக்கத்துத் தட்டுகளையும் பிடித்துக்கொள்ளும்.

மயிலாப்பூர்ப் பழைய வீடுகளின் துளசி மாடத்தில் குப்பைமேனிக்குத் தனிப் பிரியம். இரண்டுக்கும் இளசில் ஓரம் பல் வைத்த சிறு இலை. துளசியின் இலைகள் நேருக்கு நேராக ஜோடி ஜோடியாக வரும், தண்டு உருட்டினால் சதுரமாகத் தட்டுப்படும், வாசம் சொல்லவே வேண்டாம். குப்பைமேனியின் இலைகள் மாறி மாறி வரும், வாசம் கிடையாது. இன்னொரு அடையாளமும் உண்டு. குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் தெருப்பூனை வந்து அந்த வேரில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு புரளும். பூனையை மயக்கும் பொருள் அந்த வேரில் இருக்கிறது.

கண், விரல், மூக்கு மூன்றும் கைவிடும் இடம் ஒன்று உண்டு: கீரை. முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, அவற்றோடு களையாக வரும் குப்பைக்கீரை, முள்ளுக்கீரை எல்லாமே அமராந்தஸ் என்ற ஒரே பேரினம். முளையில் எல்லோருக்கும் அதே குறுகிய வித்திலை, அதே சிவந்த அடிப்பக்கம். இரண்டிலைப் பருவத்தில் இவற்றைப் பிரித்துக்காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் பந்தயம் கட்டலாம். நான்கைந்து இலை வந்த பிறகு குப்பைக்கீரையின் இலை நுனியில் கத்தரித்தது போல ஒரு பிளவு தெரியும், ஆனால் அந்தப் பிளவு சில நல்ல கீரைகளுக்கும் உண்டு. முள்ளுக்கீரைக்கு இலைக்கக்கத்தில் முள் வந்துவிடும். அதோடு சந்தேகம் தீரும். அதை மட்டும் விதைக்கு விடவே கூடாது. ஒரே செடி லட்சத்துக்கும் மேல் விதை தரக்கூடியது. குப்பைக்கீரை தெரியாமல் கட்டோடு சேர்ந்து குழம்பில் விழுந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, ருசியாக இருக்கும்.

பயிரைப் போலவே களை இருப்பது தற்செயலா என்றால், எல்லா இடத்திலும் இல்லை. அதை விளக்கியவர் ரஷ்யத் தாவரவியலாளர் நிகொலாய் வாவிலோவ். வயலில் மனிதன் களை பறிக்கும்போது, பயிரிலிருந்து வேறுபட்டுத் தெரிவது முதலில் அகப்படுகிறது. பயிரைப் போலத் தெரிவது தப்பித்து விதை போடுகிறது. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் களை பயிரின் வேஷத்தைக் கற்றுக்கொள்ளும். களை பறிக்கும் கையே களைக்கு வாத்தியார். நெல் வயலில் வரும் குதிரைவாலி இனத்துப் புல் இதற்குப் பெரிய உதாரணம். 2019இல் சீன ஆய்வாளர்கள் அதன் மரபணுவைப் படித்து, யாங்சி ஆற்றுச் சமவெளியில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த வேஷம் உருவாகியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நாற்றங்காலில் இரண்டும் அண்ணன் தம்பி போல நிற்கும். வித்தியாசம் இலை தண்டைத் தழுவுகிற கணுவில் இருக்கிறது: நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வும் இரண்டு பக்கமும் குட்டிக் காதுகளும் உண்டு, களைக்கு இரண்டும் கிடையாது. டெல்டாவில் களை பறித்துப் பழகிய பெண்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் கை பார்த்துக்கொள்ளும்.

மாடித் தோட்டக்காரருக்கு அந்தக் கை வர நாளாகும். அதுவரை ஏமாறாமலிருக்கச் சில உபாயங்கள் போதும். அவற்றில் சிறந்தது செலவே இல்லாதது: வெறும் தொட்டி. விதைக்கும் அன்றே, அதே மண்கலவையை இன்னொரு சின்னத் தொட்டியில் நிரப்பி, எதுவும் விதைக்காமல் பக்கத்தில் வைத்து, அதே தண்ணீரை ஊற்றி வர வேண்டும். அதில் முளைப்பதெல்லாம் களை. பிறகு விதைத்த தொட்டியில் அதே முகம் தெரிந்தால் பிடுங்கிவிடலாம். பறவை போட்டதும் காற்றில் வந்ததும் இந்தக் கணக்கில் அகப்படாமல் போகலாம். மண்ணில் வந்தது தப்பாது.

அடுத்தது, வரிசை. கீரை விதையை அள்ளித் தெளிக்கும் பழக்கம் வயலுக்குச் சரி. பையில் விரலால் கோடு இழுத்து, விதையை மணலோடு கலந்து அந்தக் கோட்டில் தூவினால், கோட்டுக்கு வெளியே நிற்பது எதுவானாலும் அழைக்காமல் வந்ததுதான். கோட்டுக்குள்ளேயே ஒன்றிரண்டு நுழையும், அவற்றுக்கு மூன்றாவது இலை வரும்வரை அவகாசம் கொடுக்கலாம்.

பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மண்ணைத் தயார் செய்து, விதைக்காமல் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் மட்டும் தெளித்து வந்தால் மேலடுக்கில் இருக்கும் களை விதைகள் முளைத்துவிடும். அவற்றை மண்ணைக் கிளறாமல் மேலோடு சுரண்டி எடுத்துவிட்டு, அதன் பிறகு விதைக்க வேண்டும். உழவர்கள் பெரிய அளவில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. ஆடி மழைக்கும் விதைப்புக்கும் இடையில் சென்னைவாசிக்கு இவ்வளவு நிதானம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

செல்பேசிச் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பூத்த செடிக்கு அவை கெட்டிக்காரத்தனமாகவே பெயர் சொல்கின்றன. இரண்டிலை முளையைக் காட்டினால் நிதானமில்லாமல் எதையாவது உளறும். காலையில் கத்தரி, மாலையில் புகையிலை. நான்கு இலை வந்த பிறகு படம் எடுப்பது நல்லது.

பிடுங்கும் முறையும் முக்கியம். நாற்றை ஒட்டிக்கொண்டு களை நின்றால் இழுக்கக் கூடாது. இரண்டின் வேரும் பின்னியிருக்கும், கூடவே நாற்றும் வரும். சின்னக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிட்டால் போதும், பெரும்பாலான ஒருபருவக் களைகள் அந்த வயதில் திரும்ப எழாது. தள்ளி நிற்பவற்றைத் தண்ணீர் ஊற்றிய பிறகு பிடுங்கினால் வேரோடு வரும்.

காத்திருக்கவே கூடாத இரண்டு உண்டு. ஒன்று கோரை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் முக்கோணமாகத் தட்டுப்படும். புல்லுக்கு அப்படி இருக்காது. லிரோய் ஹோம் முதலியோர் 1977இல் வெளியிட்ட உலகின் மோசமான களைகள் பற்றிய நூலில் முதலிடம் கோரைக்குத்தான். மேலே வெட்டினால் கீழே கிழங்கு சிரிக்கும். மண்ணைத் தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும், ஒன்று விட்டாலும் கதை தொடரும். இன்னொன்று பார்த்தீனியம். இளசில் தரையோடு தரையாக வட்டமாகப் படிந்து, வெட்டு வெட்டான இலையோடு கேரட்டையோ செவ்வந்தியையோ நினைவுபடுத்தும். இந்தியாவில் 1950களின் நடுவில் புணேயில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. மெக்சிகோவிலிருந்து அதைத் தின்னும் வண்டைக் கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விட்டும் பார்த்தார்கள். பார்த்தீனியம் இன்னும் இருக்கிறது. தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துவிடும். பூக்கும் முன்னால், கையுறை போட்டுப் பிடுங்குவதே சரி.

மற்றவற்றின் மேல் இவ்வளவு கோபம் தேவையா என்பதற்கு மாட வீதிகளில் பதில் கிடைக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய நாள் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி எருக்கம்பூ மாலையும் அறுகம்புல் கட்டும் குவியும். இருபத்தோரு பத்திரங்களின் வழக்கமான பட்டியலில் அறுகு, எருக்கு, ஊமத்தை, நாயுருவி, கண்டங்கத்தரி, கரிசலாங்கண்ணி, விஷ்ணுகிராந்தி என்று மூன்றில் ஒரு பங்கு களைகள்தான். முதல் நாள் மாடியில் பிடுங்கி எறிந்ததை மறுநாள் தெருவில் காசு கொடுத்து வாங்கி வருகிற வீடுகள் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு எடை போட்டு விற்கிறார்கள். குளியல் பொடியில் அது சேராவிட்டால் வாசம் போதாது. முடக்கத்தான், தூதுவளை, முசுமுசுக்கை, கரிசலாங்கண்ணி கீரைக்காரம்மா கூடையில் வருகின்றன.

கீழாநெல்லியின் கதை இன்னும் தூரம் போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பர்க்கும் பிறரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1988இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. பிற நாடுகளில் பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படியே கிட்டவில்லை. எனவே மஞ்சள் காமாலைக்கு மாடித் தொட்டியை நம்புவது தவறு, மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதோடு, கீழாநெல்லி என்று கடையில் வாங்குவதிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெயர் தெரிந்து விற்பவர்களுக்கே தடுமாற்றம் என்றால் ஐந்து நாள் முளையோடு மல்லாடுகிறவர் வெட்கப்பட ஏதுமில்லை.

பறித்துச் சாப்பிடும் ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. தரையோடு படரும் பருப்புக்கீரையின் தண்டு சதைப்பற்றாக, வழவழவென்றிருக்கும். ஒடித்தால் தெளிந்த நீர் கசியும், பூ மஞ்சள். அதே இடத்தில் அதே மாதிரி படரும் சித்திரப்பாலாடையை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். பால் வந்தால் வாயில் வைக்கக் கூடாது. சாரணைக்குப் பால் வராது, ஆனால் ஜோடி இலைகளில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும், பூ இளஞ்சிவப்பு. முழுதாக அடையாளம் தெரியாத எதையும் ருசி பார்த்துக் கண்டுபிடிக்க முயலவே வேண்டாம்.

இந்த வாரத்துக்கு வேலை இரண்டுதான். வெறும் தொட்டி ஒன்றைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். விதைத்த தொட்டிகளில் கோரை, பார்த்தீனியம் தவிர எதையும் மூன்றாவது இலை வரும்வரை தொடாதீர்கள். மூன்றாவது இலை வந்த கத்தரி, தக்காளி, மிளகாயை எப்போது, எப்படிப் பெயர்த்து நடுவது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)